வீட்டிலேயே தந்திக் கருவி செய்ய முடியுமா? அது எப்படி வேலை செய்கிறது?

முடியும். ஓரிடத்தில் ஸ்விட்சை அழுத்தி, தொலைவில் இருக்கும் மின்காந்தத்தை, அதாவது மின்சாரம் ஓடும்போது மட்டும் காந்தமாகும் கம்பிச் சுருளை, இயக்கும் ஏற்பாடுதான் தந்தி. 1844-இல் அமெரிக்கரான சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பியதும் இதே முறையில்தான்.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். 1820-இல் டென்மார்க் விஞ்ஞானி ஏர்ஸ்டெட், அத்தகைய கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டு இதை வெளியிட்டார். ஒற்றைக் கம்பியின் காந்தம் மிகச் சிறியது. தேர் வடத்தை ஒருவர் இழுத்தால் தேர் அசையாது, ஊரே சேர்ந்து இழுத்தால் நகரும். கம்பிச் சுருளில் ஒவ்வொரு சுற்றும் அப்படித்தான் தன் பங்கைச் சேர்க்கிறது. நடுவிலுள்ள இரும்பு அதைப் பல மடங்காக்குகிறது.

மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் (மின்சாரத்தைக் கடத்தாத பூச்சு) பூசிய மெல்லிய செம்புக் கம்பி கிடைக்கும். அதை இரும்பு போல்ட்டில் ஒரே திசையில் நூறு, நூற்றைம்பது சுற்று சுற்றுங்கள். இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் முழுக்கச் சுரண்டுங்கள். கருவி இயங்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதை விட்டுவிடுவதே காரணம். பிஸ்கட் டின்னில் வெட்டிய தகட்டுப் பட்டையை போல்ட் தலைக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். அலுமினியம் உதவாது, காந்தம் அதை இழுக்காது. இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகளையும் ஸ்விட்சையும் இணைத்து அழுத்தினால் 'டக்'! அழுத்தியபடியே வைத்திருக்காதீர்கள், கம்பி சூடாகும்.

கம்பி வழியே ஒலி போவதாகப் பலர் நினைக்கிறார்கள். போவது மின்சாரம் மட்டுமே, 'டக்' என்ற ஒலி மறுமுனையில் தகடு இரும்பில் மோதும்போதுதான் பிறக்கிறது.