பழைய டுகாட்டி வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணா, பெங்களூருவில் ஒரு 2012 டுகாட்டி 848 ஈவோ பைக் விற்பனைக்கு வந்திருக்கிறது. 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஒரே ஓனர், கடைசி நாலு வருஷமாக ஷெட்டிலேயே நின்றிருக்கிறதாம். ஆறு லட்சம் கேட்கிறார். ஓட்டமே இல்லாத வண்டி, யோசிக்காமல் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வாங்கலாம், ஆனால் உங்கள் நண்பர்கள் எதைப் பார்த்து ஆசைப்படுகிறார்களோ அதைப் பார்த்துத்தான் நான் பயப்படுகிறேன். நாலு வருஷம் நின்ற 848-ஐ விட, 25,000 ஓடி வருஷா வருஷம் பில்லோடு சர்வீஸ் பார்த்த 848-ஐத்தான் நான் எடுப்பேன்.

காரணம் பெல்ட். இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது சங்கிலி இல்லை, பல் வைத்த இரண்டு ரப்பர் பெல்ட்கள், சிலிண்டருக்கு ஒன்று. ரப்பருக்கு வயசு உண்டு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது இறுகும், நின்ற இடத்திலேயே வளைந்த வாக்கில் படிந்தும் போகும். ஓடும்போது பெல்ட் அறுந்தாலோ பல் நழுவினாலோ வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும், அதற்கப்புறம் நீங்கள் பேசுவது சர்வீஸ் செலவைப் பற்றி இல்லை, இன்ஜின் விலையைப் பற்றி. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட பெல்ட் என்றால் மீட்டர் என்ன காட்டினாலும் மாற்றியே ஆக வேண்டும்.

என் 848-ஐ வாங்கும்போது பழைய ஓனர் "பெல்ட் மாத்தியாச்சு" என்று அடித்துச் சொன்னார், பில் மட்டும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேரிங்கை, அதாவது வண்டியின் வெளிப் பிளாஸ்டிக் உறையை இறக்கி, பெல்ட் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம். மேலோட்டமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெக்கானிக் கழற்றிக் கையில் எடுத்து, பற்கள் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வளைத்துக் காட்டினார்; ஒவ்வொரு பல்லின் அடியிலும் தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு. அதே வண்டியை அதற்கு முந்தின வாரம்தான் டெஸ்ட் ரைடு என்று நான் எட்டாயிரம் ஆர்.பி.எம். வரை முறுக்கியிருந்தேன். அன்றிலிருந்து பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன், நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வால்வு. சாதாரண இன்ஜினில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் டெஸ்மோ அமைப்பில் மூடுவதற்கும் தனி கேம், அதன் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் தனி ராக்கர். ஃபாபியோ தாலியோனி என்ற இன்ஜினீயர் 1956-இல் டுகாட்டி பந்தய வண்டிக்காகச் செய்தது, இன்றைக்கும் அந்தக் கம்பெனியின் அடையாளம். அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று என இரண்டு இடைவெளி பார்க்க வேண்டும். 848-இல் எட்டு வால்வு, ஆகப் பதினாறு அளவு, தேவைப்பட்ட இடத்தில் ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன உலோகத் துண்டு, மாற்ற வேண்டும். இது 12,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வரும் வேலை. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு இன்னும் மூவாயிரம் கிலோமீட்டரில் வந்து நிற்கும், பெல்ட்டுக்கு எப்படியும் திறக்கப் போகிறீர்கள், இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். ஆறு லட்சம் கேட்டால் உங்கள் கையில் ஏழு லட்சமாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்த ஒரு லட்சத்தைக் காட்டியே விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

நேரில் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் கோல்டு ஸ்டார்ட்டில், அதாவது ஆறிய இன்ஜினைக் கிளப்பும்போது, மறைக்க ஏதோ இருக்கிறது. முன் ஃபோர்க்கில் விரல் வைத்துத் துடையுங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. இடது பக்கம், முன் ஸ்பிராக்கெட் அருகில் லிவரை அழுத்தினால் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும், அதன் அடியில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்; இந்த வண்டிகளில் அடிக்கடி கசிவது அதுதான், கசிந்தால் கிளட்ச் லிவர் கையோடு தொளதொளவென்று வந்துவிடும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஃப்ரேமில் இடிக்கும் அந்தச் சின்ன ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா, பெயின்ட் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேரிங் புதிதாக மாட்டிவிடலாம், விழுந்த வண்டியின் ஸ்டாப்பர் பொய் சொல்லாது.

இன்னொன்று, பெட்ரோல் டேங்க். 848-க்கு பிளாஸ்டிக் டேங்க். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் பட்டுப் பட்டு இந்த டேங்க் உப்பும். உப்பிய டேங்க் ஃப்ரேமில் உரசும், கழற்றினால் திரும்ப உட்கார மறுக்கும். விற்பவர் முன்னிலையிலேயே கழற்றி மாட்டச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

கேள்வி: டுகாட்டியின் 848, 899 பனிகாலே இரண்டும் என் பட்ஜெட்டில் வருகின்றன. தினமும் ஆபீஸ் போக எது சரி?
– கோவையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தினமும் ஆபீஸுக்கு என்றால் இரண்டுமே வேண்டாம். அவிநாசி ரோடு சிக்னலில் ஏப்ரல் மாதம் நின்றால் பின் சிலிண்டர் சூடு தொடையில் ஏறும். 848-இல் சைலன்சரே சீட்டுக்கு அடியில்தான், 899-இல் சைலன்சர் கீழே இறங்கிவிட்டாலும் பின் சிலிண்டரின் குழாய் சீட்டை ஒட்டித்தான் போகிறது. ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்புகிற ஓட்டத்துக்கு என்றால் பராமரிப்பில் 899 சுலபம். அதில் பெல்ட் கிடையாது, கேமைச் சுற்றுவது சங்கிலியும் கியரும், வால்வு பார்ப்பதும் 24,000-க்கு ஒரு முறைதான். 148 குதிரைத்திறன் என்பதையும் மனதில் வையுங்கள். 200 சிசி வண்டியிலிருந்து நேராக இதில் ஏறுவது ஆபத்து. நடுவில் ஒரு 400, 650 ஏதாவது ஒரு வருஷம் ஓட்டுங்கள்.

எனக்கு மட்டும் இன்றைக்கும் 848 மேல்தான் பிரியம். அந்தக் கம்பி பின்னிய ட்ரெல்லிஸ் ஃப்ரேமும் ஒரு பக்கம் மட்டுமே தாங்கும் பின் சக்கரமும் கண்ணில் பட்டால் நின்று பார்க்காமல் என்னால் தாண்ட முடியாது. பனிகாலேயில் அந்த ஃப்ரேம் இல்லை; 899-இல் பின் சக்கரத்தையும் இரண்டு பக்கமும்தான் பிடித்திருக்கும்.

கேள்வி: வெளிமாநில வண்டிக்கு என்னென்ன பேப்பர் பார்க்க வேண்டும்?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் பஞ்ச் பண்ணியதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், பரிவாகன் தளத்திலும் நம்பர் போட்டுப் பாருங்கள். லோன் இருந்திருந்தால் பேங்க் கொடுத்த படிவம் 35 வேண்டும். அந்த மாநில ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, பெயர் மாற்ற 29, 30. இங்கே வந்ததும் சாலை வரி மறுபடி கட்ட வேண்டும், பெரிய வண்டிக்கு அது பெரிய தொகை, அங்கே கட்டியதில் மீதியைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல். என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் சரி.

கேள்வி: மழைக்காலத்தில் என் டுகாட்டி மான்ஸ்டரை இரண்டு மாதம் எடுக்க மாட்டேன். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதுமா?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆயில் முழுசாகச் சூடேறாது, உள்ளே தங்கும் ஈரம் வெளியேறாது, ஸ்டார்ட்டர் தின்ற கரன்டு பேட்டரிக்குத் திரும்பியும் வராது. தானாக நிற்கும் சின்ன சார்ஜர் ஒன்று வாங்கி பேட்டரியில் மாட்டிவிடுங்கள். நிறுத்தும் முன் ஆயில் மாற்றி, செயினுக்கு மசகு எண்ணெய் அடித்து, உங்களுடையதும் பிளாஸ்டிக் டேங்க் என்றால் பெட்ரோலை இறக்கி மூடியைக் கொஞ்ச நாள் திறந்து காயவிடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்தால், எடுக்க மறக்காமல் இருக்க சாவிக்கொத்தில் ஒரு துண்டுச் சீட்டு கட்டி வையுங்கள்.