லாரியில் ஏற்றிய லேசர் ஆயுதம் வந்துவிட்ட பிறகு வான் பாதுகாப்புக்கு ஏவுகணை எதற்கு?

ஆந்திராவின் கர்னூலில் நடந்த லேசர் சோதனையின் காணொளியைப் பார்த்த பிறகுதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். 2025 ஏப்ரல் 13 அன்று, நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஹைதராபாத் ஆய்வகமான செஸ் (CHESS) உருவாக்கிய 30 கிலோவாட் லேசர், வாகனத்தில் இருந்தபடியே இறக்கையுள்ள ட்ரோனையும் கூட்டமாக வந்த ட்ரோன்களையும் சுட்டு வீழ்த்தியது. சில நொடிகள் சுட ஆகும் செலவு ஓரிரு லிட்டர் பெட்ரோலின் விலைதான் என்றும் அப்போது சொல்லப்பட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இனி ஏவுகணையே வேண்டாம் என்று பலர் எழுதுவதால்தான் இந்தப் பதில்.

நான் ராணுவத்திலோ ஆய்வகத்திலோ பணியாற்றியவன் அல்லன். கோவையில் இரும்புத் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் இயந்திரங்களைப் பதினோரு ஆண்டுகளாகப் பழுது பார்த்து வருகிறேன். தகடு வெட்டும் இயந்திரத்துக்கும் ஆயுதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று வாகனங்களில் ஏறும் லேசர்களில் பல இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இட்டெர்பியம் கலந்த கண்ணாடி இழையில் உருவாகி, ஏறத்தாழ ஒரு மைக்ரான் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாமல் வெளிவருபவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மதியம், கோவையின் கணபதி பகுதியில் ஒரு பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு கிலோவாட் இயந்திரம் இருபது நிமிடம் ஓடுவதும் அலாரம் அடித்து நிற்பதுமாக இருந்தது. லேசரில் எந்தக் குறையும் இல்லை. லேசருக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லரின் வெப்பம் வெளியேற்றும் பகுதியில் கிரைண்டிங் தூசி அப்பி, தண்ணீர் குளிராமல் இருந்தது. உள்ளே செல்லும் மின்சாரத்தில் பாதிகூட ஒளியாவதில்லை. மீதி முழுவதும் வெப்பம். அதை வெளியேற்ற வழியில்லாவிட்டால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். அதைச் சரிசெய்து ஓட்டினால், திரையில் முழுச் சக்தி காட்டியும் தகடு அறுபடவில்லை. கழற்றிப் பார்த்தபோது, ஒளி வெளிவரும் வழியில் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியில் கடுகைவிடச் சிறிய ஒரு தூசி எரிந்து கறுத்திருந்தது. அந்தப் புள்ளி சூடேறிக் கண்ணாடியின் வடிவத்தைச் சற்றே மாற்ற, ஒளி குவியும் இடமே நகர்ந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த இயந்திரம் கான்கிரீட் தரையில் அசையாமல் நிற்பது. ஒளி வெளிவரும் முனையான நாசிலுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி.

இதையே ஒரு வாகனத்தில் ஏற்றி, மேடுபள்ளத்தில் ஓட்டி, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் ட்ரோனின் மீது குறிவைப்பதாக எண்ணிப் பாருங்கள். முப்பது சென்டிமீட்டர் ஆடியால் குவித்தாலும் அந்தத் தொலைவில் ஒளிப்புள்ளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு விரிந்துவிடும். இடையிலுள்ள காற்றின் கொதிப்பும் புழுதியும் ஈரமும் அதை மேலும் கலைக்கும். அந்தப் புள்ளி ட்ரோனின் ஒரே இடத்தில் சில நொடிகள் நிற்க வேண்டும். மேகமோ மூடுபனியோ குறுக்கிட்டால் சுடவே முடியாது.

அமெரிக்கா தன் ஸ்ட்ரைக்கர் கவச வாகனத்தில் 50 கிலோவாட் லேசரைப் பொருத்தி, 2024இல் மத்தியக் கிழக்குக்கு அனுப்பிப் பார்த்தது. அவ்வாண்டு மே மாதம், அந்நாட்டு ராணுவத்தின் கொள்முதல் பொறுப்பில் இருந்த டக் புஷ் செனட் குழுவிடம் பேசியபோது, நிலையான தளத்தில் லேசரை வைப்பது வேறு, போர்க்கள வாகனத்தில் ஏற்றுவது வேறு என்றும், வெப்பத்தை வெளியேற்றுவதும் மின்னணுக் கருவிகளின் அளவும் வாகனத்தின் தேய்மானமும் சிக்கலாக இருக்கின்றன என்றும் தெரிவித்தார். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கணபதிப் பட்டறைதான் நினைவுக்கு வந்தது.

இதனால் நம் விஞ்ஞானிகளின் உழைப்பைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். ஆறு கிலோவாட்டைக் குளிர்விக்கப் படும் பாடு எனக்குத் தெரியும் என்பதாலேயே முப்பதை வண்டியில் ஏற்றியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர்களே ஏவுகணையைக் கைவிடவில்லை. 2025 ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் சோதிக்கப்பட்ட ஒருங்கிணைந்த வான் பாதுகாப்பு அமைப்பில், இரண்டு வகை ஏவுகணைகளோடு சேர்ந்துதான் லேசரும் இடம்பெற்றது. விலை குறைந்த ட்ரோனுக்கு விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவிடாமல் இருப்பதற்கு லேசர்; தொலைவில் வேகமாக வருவதற்கும், வானம் மூடியிருக்கும் நாளுக்கும் ஏவுகணை.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பகைவரின் கண்ணை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே உருவாக்கும் லேசர் ஆயுதங்களை 1995இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட பன்னாட்டு நெறிமுறை தடை செய்கிறது. போருக்கே இப்படியொரு தடை இருக்க, எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், வேலை வேகமாக முடிய வேண்டும் என்று, கதவு திறந்திருந்தாலும் லேசர் ஓடும்படி கதவின் பாதுகாப்பு சுவிட்சை இணைத்து வைத்து, கண்ணைக் காக்கும் கண்ணாடியும் வாங்கித் தராமல் வேலை வாங்கினார்கள். இருபத்திரண்டு வயது ஆபரேட்டர் ஒருவருக்கு ஒரு கண்ணின் நடுப் பார்வை போய்விட்டது. அவருடைய கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

அடுத்த சோதனைச் செய்தி வரும்போது எத்தனை கிலோவாட் என்பதோடு நின்றுவிடாதீர்கள். இடைவெளியின்றி எத்தனை நொடிகள் சுட்டது, எத்தனை இலக்குகளுக்குப் பிறகு குளிர்விக்க நிறுத்தினார்கள், அன்று வானிலை எப்படி இருந்தது என்பவற்றைத் தேடிப் படியுங்கள்.