பச்சிளம் குழந்தையின் கால் விரல்கள் கறுத்துவிட்டன, ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: என் தங்கையின் பெண் குழந்தைக்கு ஒன்பது நாள் ஆகிறது. ரத்தத்தில் கிருமித்தொற்று என்று ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து இரண்டு கால்களிலும் விரல்கள் கறுத்துவிட்டன. டாக்டர்கள், "பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டாமா? சூடாக ஒத்தடம் கொடுக்கலாமா?

பதில்: ஒத்தடம் வேண்டவே வேண்டாம். ரத்த ஓட்டம் குறைந்த தோல் லேசான சூட்டுக்கே வெந்துவிடும். எண்ணெய் தடவி நீவி விடுவதும் கூடாது.

கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பரவும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போய்ச் சேர வேண்டுமென்று உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. கூடவே, மிக நுண்ணிய குழாய்களுக்குள் ரத்தம் ஆங்காங்கே உறைந்து அடைத்துக்கொள்கிறது. இப்படி உறைவதைத் தடுக்கும் புரதம் சி பிறந்த குழந்தைகளுக்கு இயல்பாகவே குறைவு; தொற்று வந்தால் இன்னும் குறையும். ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தக் கொடுக்கும் மருந்துகளும் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் உயிரைக் காப்பாற்ற அவை தேவைப்படும்.

நீங்கள் மிகவும் பயப்படுவது விரலை எடுப்பதைப் பற்றித்தான். மேலே கறுப்பாகத் தெரிவதை வைத்து உள்ளே எவ்வளவு ஆழம் செத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்குக் கறுத்த தோல் மட்டும் உரிந்து, அடியில் நல்ல சதை இருக்கும். உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் நடுவே தெளிவான கோடு விழ வாரக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டு வெட்டினால், பிழைத்திருக்கக்கூடிய சதையும் சேர்ந்து போய்விடும். ஆகவே இந்தக் காத்திருப்பை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். ஆன்டிபயாடிக், திரவம், தேவைப்பட்டால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) என்று இதற்குள் நடப்பதெல்லாம் விரல்களுக்குமான சிகிச்சைதான்.

காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. தொப்புளைச் சுற்றியோ வேறெங்கோ சிவப்பும் வீக்கமும் மணிக்கணக்கில் பரவி, தோல் ஊதா நிறமாகிக் கொப்புளம் கட்டினால், கிருமி தோலுக்கடியில் உள்ள திசுவையே அரித்துக்கொண்டு போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு உடனே ஆபரேஷன்தான். ஒரே ஒரு கால் மட்டும் வெளிறி, சில்லிட்டுக் கறுத்தால் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் குழந்தைக்கு இரண்டு காலும் ஒரேபோல் கறுத்திருப்பதால், முதலில் சொன்ன காரணமே, அதாவது ரத்த ஓட்டம் குறைந்து நுண்ணிய குழாய்கள் அடைபடுவதே, பொருந்தி வருகிறது. என்றாலும் நேரில் பார்ப்பவர்கள்தான் உறுதி சொல்ல முடியும்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "புரதம் சி குறைபாடு பரம்பரையாக இருக்குமா?" குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தைக்கு இப்படிக் கறுத்திருந்தாலோ, பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். தொற்று இருக்கும்போது புரதம் சி அளவு எப்படியும் குறைவாகத்தான் வரும். அதனால் குணமான பின் மறுபடி பார்க்க வேண்டும், பெற்றோருக்கும் சோதிக்க வேண்டும்.

அப்புறம், தங்கை பாலைப் பீய்ச்சி எடுப்பதை நிறுத்த வேண்டாம். குழந்தைக்கு இப்போது கொடுக்க முடியாவிட்டாலும், பால் வற்றாமல் இருக்க அது அவசியம்.