ஹார்ட் டிஸ்க் காந்தமும் புல்மோட்டைக் கறுப்பு மணலும்: எதைச் சேர்த்து வைக்கலாம், எதை விட்டுவிடலாம்?

திருகோணமலை அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட கணினி, ரீவி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய ஹார்ட் டிஸ்க், ஸ்பீக்கர், மோட்டார் எல்லாம் கடையில் குவிந்து கிடக்கிறது. அதிலுள்ள காந்தத்தில் அருமண் (ரெயர் ஏர்த்) உலோகம் இருக்கிறது, தங்கம் மாதிரி விலை ஏறும், சேர்த்து வையுங்கள் என்று சாமான் வாங்க வந்த ஒருவர் சொன்னார். அமிலத்தில் கரைத்து வீட்டிலேயே பிரிக்கலாம் என்று வீடியோக்களும் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் காந்தத்தைப் புல்மோட்டைக் கடற்கரை மணலில் போட்டுப் பார்த்தால் கறுப்பு மணல் அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படியென்றால் அந்த மணலிலும் அதே உலோகமா? இதில் உண்மையில் காசு இருக்கிறதா?"

காசு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சாமான் வாங்க வந்தவர் சொன்ன அளவில் இல்லை. காந்தத்தைச் சேர்த்து வைக்கலாம், அமிலப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

முதலில் கையில் இருப்பதைப் பார்ப்போம். மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் திறந்தால், தட்டின் மேல் ஓடும் கையின் அடிப்பகுதி இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும், அந்தத் தகடுகளில் பிறை வடிவில் வெள்ளி போல மின்னும் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மினுக்கம் நிக்கல் பூச்சு. பூச்சு உரிந்த இடத்தில் உள்ளே சாம்பல் நிறம் தெரியும், எங்கள் கடற்கரை ஈரத்தில் கொஞ்ச நாள் கிடந்தால் அதில் செங்கறள் ஏறிவிடும், ஏனென்றால் அந்தக் காந்தத்தின் பெரும்பகுதி இரும்புதான். எடையில் ஏறக்குறைய 30 வீதம் அருமண் உலோகம், பெரும்பாலும் நியோடிமியமும் பிரசியோடிமியமும், சூட்டைத் தாங்குவதற்காகச் சிலவற்றில் டிஸ்புரோசியமும் டெர்பியமும் கொஞ்சம், அப்புறம் 1 வீதமளவில் போரான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்த சேர்க்கை இது. இன்றைக்கும் சந்தையில் கிடைக்கும் காந்தங்களில் பலமானது இதுதான்.

இனிக் கணக்கு. ஒரு டிஸ்க்கில் இருக்கும் இரண்டு காந்தமும் சேர்ந்து 15 கிராம் என்று வைத்தால், அருமண் நாலரைக் கிராம். சுத்திகரித்த நியோடிமிய-பிரசியோடிமிய ஒக்சைட்டின் உலக விலை கடந்த சில ஆண்டுகளில் கிலோவுக்கு 50 டொலரளவுக்கு விழுந்தும் இருக்கிறது, 2022 இல் 150 டொலருக்கு மேலே போயும் இருக்கிறது. ஒக்சைட் கிலோ 80 டொலர் என்று பிடித்தாலும் ஒரு டிஸ்க்கில் இருப்பது டொலர் கணக்கில் 40 சதத்துக்குக் கிட்டத்தான், அதுவும் முழுவதையும் பிரித்தெடுத்துச் சுத்தமாக்கிய பிறகு கிடைக்கும் விலை. ஒரு கிலோ காந்தம் சேர்க்க 60, 70 டிஸ்க்காவது உடைக்க வேண்டும். பிரிக்கும் செலவு, கப்பல் செலவு, இடைத்தரகர் எல்லாம் போக உங்கள் கைக்கு வருவது அதிலும் ஒரு துண்டு. தங்கத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதே பிழை. அதே டிஸ்க்கின் அலுமினிய உடலும் பச்சைச் சர்க்கிட் போர்ட்டும் உங்களுக்கு இன்றைக்கே காசு தரும், காந்தம் அதற்கு மேல் கிடைக்கும் சின்ன வரவு.

அப்படியானால் உலகம் முழுக்க இதற்காக ஏன் இவ்வளவு இழுபறி? இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். அருமண் என்ற பெயரைப் பார்த்து மண்ணில் அரிது என்று நினைக்க வேண்டாம், இந்த 17 தனிமங்களில் சீரியம் பூமியின் மேலோட்டில் செம்பு அளவுக்கு இருக்கிறது. நம் வீடுகளில் முன்பு எரிந்த பெற்றோல்மக்ஸ் மென்டிலில் தோரியத்தோடு சீரியமும் இருந்தது, சிகரெட் லைட்டர் கல்லிலும் சீரியம்தான் பொறி விடுகிறது. சிக்கல் பிரிப்பதில். இந்தத் தனிமங்கள் எப்போதும் கூட்டமாகவே கிடைக்கும், வேதியியலில் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். சம்பாவையும் பச்சையரிசியையும் ஒன்றாக அரைத்துவிட்டு மாவைத் திரும்பப் பிரிக்கச் சொன்ன மாதிரி. தொழிற்சாலையில் அமிலக் கரைசலையும் எண்ணெய் போன்ற ஒரு கரைப்பானையும் கலக்கி, அடைய விட்டு, மறுபடி கலக்கி, இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகளைக் கடந்த பிறகுதான் நியோடிமியம் ஒரு பக்கமும் டிஸ்புரோசியம் ஒரு பக்கமும் ஒதுங்கும்.

அந்தத் தொட்டி வரிசையைப் பல பத்தாண்டுகளாகக் கட்டி வளர்த்த நாடு சீனா. 2024 இல் உலகச் சுரங்கங்களில் எடுத்த அருமண் ஒக்சைட் ஏறக்குறைய 3,90,000 தொன், அதில் 2,70,000 தொன் சீனாவுடையது என்கிறது அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களம். சுரங்கத்தில் 70 வீதமென்றால் பிரித்துச் சுத்திகரிப்பதிலும் காந்தம் செய்வதிலும் ஏறத்தாழ 90 வீதம். அமெரிக்காவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்தில் தோண்டிய மண்கூடப் பல ஆண்டுகள் பிரிப்பதற்குச் சீனாவுக்குத்தான் கப்பலேறியது. சீனாவுக்கு வெளியே பெரிய அளவில் பிரிப்பது அவுஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனம், அதன் ஆலை மலேசியாவின் குவாந்தானில் இருக்கிறது. கனமான வகைகளான டிஸ்புரோசியமும் டெர்பியமும் பெருமளவு மியன்மாரின் கச்சின் மலைகளிலிருந்து வருகின்றன, அங்கே மலைச்சரிவில் துளை போட்டு இரசாயனத்தை ஊற்றிக் கழுவி எடுக்கிறார்கள், ஆறும் நிலமும் நாசமாகிறது, அதன் விலையை யாரும் ரசீதில் எழுதுவதில்லை.

இப்படி ஒரு கையில் முடிச்சு இருப்பதால்தான் விலை துள்ளுகிறது. 2010 இல் ஜப்பானோடு கடல் எல்லைத் தகராறு வந்தபோது ஏற்றுமதி தடைப்பட்டு, 2011 இல் விலை பல மடங்கு ஏறியது. அந்த விலையை நம்பி மவுன்டன் பாஸைத் திரும்பத் திறந்த மொலிகோர்ப் நிறுவனம், விலை இறங்கியதும் 2015 இல் வங்குரோத்தானது. 2025 ஏப்ரலில் டிஸ்புரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் சீனா அனுமதிப்பத்திரம் கேட்கத் தொடங்கியது, சில வாரங்களுக்குள் ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் கட்டுப்பாட்டை இன்னும் விரித்தார்கள், சீன, அமெரிக்க ஜனாதிபதிகள் சந்தித்த பிறகு அந்தப் புதிய பகுதியை ஓராண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டு தலைவர்கள் சந்திக்கும் ஒரு பேச்சில் ஏறி இறங்கும் சரக்கை, கடை முதலைப் போட்டு மூன்று நாலு வருடம் பதுக்கி வைப்பது உங்களைப் போன்ற சிறு வியாபாரிக்கு ஏற்ற வேலை இல்லை என்பது என் உறுதியான கருத்து. சும்மா கிடக்கும் பழைய சாமானில் எடுத்த காந்தம் ஒரு மூலையில் இருக்கட்டும், அதற்கென்று காசு கொடுத்து வாங்கிச் சேர்க்காதீர்கள்.

மீள்சுழற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, மிகவும் வேண்டும். 2022 இல் உலகத்தில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, ஆனால் அருமண் தேவையில் 1 வீதமளவுதான் மின்னணுக் கழிவிலிருந்து கிடைக்கிறது என்று ஐ.நா. கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. சுரங்கத்தில் நியோடிமியத்துக்காகத் தோண்டினால் அதைவிடப் பல மடங்கு சீரியமும் லந்தனமும் கூடவே வந்து விலைபோகாமல் குவியும். பழைய காந்தத்திலோ தேவையானது மட்டும், ஏற்கெனவே செறிவாக இருக்கிறது. பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையில் காந்தத்தை ஐதரசன் வாயுவுக்குள் வைக்கிறார்கள், அது வாயுவை உறிஞ்சித் தானாகவே பொடியாக உதிர்கிறது, அந்தப் பொடியிலிருந்து நேராகப் புதுக் காந்தம் செய்யலாம், தொட்டி வரிசையே தேவையில்லை. 2025 இல் அப்பிள் நிறுவனம் மீள்சுழற்சிக் காந்தத்துக்காக, மவுன்டன் பாஸை இப்போது நடத்தும் எம்பி மெற்றீரியல்ஸுடன் 50 கோடி டொலர் ஒப்பந்தம் போட்டதும் இந்தத் திசையில்தான்.

ஆனால் சறுக்கிய கதையும் உண்டு. பிரான்சில் சொல்வே நிறுவனம் பழைய குழல் விளக்குகளின் வெள்ளைப் பொடியிலிருந்து இட்ரியம், யூரோப்பியம், டெர்பியம் எடுக்கும் ஆலையை 2012 அளவில் தொடங்கியது. எல்ஈடி வந்து விளக்குப் பொடியின் தேவையே கரைந்தது, விலையும் விழுந்தது, 2016 இல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு விலையுள்ள பொருளுக்கு நாளைக்கு மாற்று வரலாம்.

இந்த அமில வீடியோக்களைப் பற்றி. வேதியியல்படி அதில் காட்டுவது நடக்கும்: காந்தம் அமிலத்தில் கரையும், இன்னொரு உப்பைப் போட்டால் அருமண் வீழ்படிவாக அடியில் நிற்கும். ஆனால் கரையும்போது ஐதரசன் வாயு பொங்கி வரும், பக்கத்தில் ஒரு பொறி போதும். மிஞ்சுவது இரும்பும் நிக்கலும் கலந்த அமிலத் தண்ணீர், அதை முற்றத்தில் ஊற்றினால் மணல் தரையில் வடிந்து உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். இவ்வளவும் செய்து கையில் கிடைப்பது பிரிக்காத கலவைப் பொடி, அதை வாங்க இங்கே ஆள் இல்லை. முழுக் காந்தத்துக்கு இருக்கும் மதிப்பும் அதற்கு இல்லை. கிரைண்டர் பிடிப்பதும் கூடாது, இந்தக் காந்தத்தின் தூள் காற்றிலேயே தீப்பற்றும்.

புல்மோட்டை மணலுக்கு வருவோம். காந்தத்தில் ஒட்டுவது இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம், அந்தக் கனிய மணலின் பெரும்பகுதி அதுதான். அது ஒட்டுவதற்குக் காரணம் அதிலுள்ள இரும்பும் உங்கள் காந்தத்தின் பலமும், ஒட்டினால் அருமண் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அருமண் இருப்பது மொனசைட் என்ற மஞ்சள், தவிட்டு நிற மணிகளில், அது அங்கே 1 வீதத்துக்கும் குறைவு. மொனசைட்டில் சீரியம், லந்தனம், நியோடிமியத்தோடு கதிரியக்கமுள்ள தோரியமும் கூடவே இருக்கிறது, அதனால் அதைச் செறிவாக்குவதும் சேமிப்பதும் வீட்டில் செய்யும் காரியமே இல்லை. தென்னிந்தியாவில் மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரைகளில் இதே வகை மணலை எடுப்பது அரச நிறுவனங்கள், அவற்றில் ஒன்று அணுசக்தித் துறையின் கீழ். இங்கே அனுமதியில்லாமல் கனிய மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சரி, கடையில் எதைப் பிரித்து வைப்பது? பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்பு வளையக் காந்தம் பெரைட், அதில் நீங்கள் தேடும் உலோகம் இல்லை. சாதாரண சீலிங் ஃபேன் மோட்டாரில் காந்தமே கிடையாது, அதன் மதிப்பு செம்பில். ஹார்ட் டிஸ்க், போனின் குட்டி ஸ்பீக்கர், நல்ல இயர்போன் இவற்றில் மினுமினுக்கும் காந்தம் இருந்தால் அது நியோடிமிய வகை. பெரிய சரக்கு ஹைபிரிட் கார்களில் இருக்கிறது: ப்ரியஸ், அக்வா மோட்டாரின் சுழலும் பகுதிக்குள் புதைத்திருக்கும் காந்தங்கள் பல பத்து ஹார்ட் டிஸ்க்கோடு போட்டி போடும். அதை உடைத்து எடுக்கப் பார்க்காமல் முழுதாகவே விற்பது நல்லது. இந்தக் கார்களின் பழைய நிக்கல் பற்றரியில் லந்தனமும் சீரியமும் நிறைய உண்டு, ஆனாலும் வாங்குபவர் காசு கொடுப்பது நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும். பழகாதவர் அந்தப் பற்றரியைத் தொடக்கூடாது, உயிரை எடுக்கும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கிறது.

காந்தத்தைத் தகட்டிலிருந்து எடுக்க, தகட்டை இரண்டு குறட்டால் பிடித்து மெல்ல வளைத்தால் பசை விட்டுக் கழன்று வரும். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரிச் சிதறும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே செய்யுங்கள். நெருப்பில் காட்டாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து நசுக்கி ஓட்டை போட்டுவிடும், இது உண்மையில் நடந்திருக்கிற ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களையும் கிட்ட விட வேண்டாம்.

விற்கும்போது, வாங்க வருபவரிடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபை கொடுத்த கழிவு முகாமைத்துவ அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2025 ஜனவரி முதல் பாசல் உடன்படிக்கையின்படி எந்த மின்னணுக் கழிவையும் நாட்டை விட்டு அனுப்ப, போய்ச் சேரும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும், பத்திரமில்லாதவர் கொண்டுபோகும் சரக்கு எங்கே எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் ஒரு கடையின் சில கிலோவுக்கு எந்த நிறுவனமும் லொறி அனுப்பாது, அதனால் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்தில் இதே வேலை செய்பவர்களோடு பேசி ஒன்றாகச் சேர்த்து, சர்க்கிட் போர்ட்டோடு சேர்த்தே ஒரே சரக்காக விலை பேசுங்கள். அதுவரை காந்தங்களை இரும்புத் தகட்டில் ஒட்டவைத்து, ஈரம் படாத மூடிய வாளியில் வையுங்கள், பெரைட் காந்தம் ஒன்றுகூட அதற்குள் கலக்க விடாதீர்கள், கலந்திருந்தால் வாங்குபவர் முழு வாளிக்கும் பெரைட் விலைதான் சொல்வார்.