ஓசன்னா: வேண்டுதலா, வாழ்த்தா?

கேள்வி: குருத்தோலை ஞாயிறன்று பவனியில் பாடும் ‘ஓசன்னா’ என்ற சொல்லுக்கு ‘வாழ்க’ என்பதே பொருள் என்று இதுநாள்வரை எண்ணியிருந்தேன். அண்மையில் எங்கள் பங்கில் மறைக்கல்வி நடத்தும் ஒருவர், ‘எங்களைக் காப்பாற்றும்’ என்பதுதான் பொருள் என்றார். எது சரி?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அவர் கூறியதே சரி. எபிரேய மொழியில் ‘ஹோஷியா’ என்றால் ‘காப்பாற்று’. அதையடுத்து வரும் ‘நா’ இறைஞ்சுதலைக் குறிக்கும் ஒரு சிறிய இடைச்சொல். ‘வாயேன்’, ‘தாயேன்’ என்று நாம் கேட்கும்போது ஈற்றிலுள்ள ‘ஏன்’ செய்யும் வேலையை அது அங்கே செய்கிறது. 118ஆம் சங்கீதத்தின் 25ஆம் வசனத்தில், ‘கர்த்தாவே, இரட்சியும்’ என்று தமிழில் நாம் வாசிக்கும் இடத்தில் இருப்பது இந்தச் சொல்லே.

அந்த மன்றாட்டு வாழ்த்தாக மாறியதில் யூதரின் கூடாரப் பெருவிழாவுக்குப் பங்கு உண்டு. எருசலேம் ஆலயத்தில் அவ்விழாவின்போது அலரிக் கிளைகளைப் பலிபீடத்தின் பக்கங்களில் நிறுத்திவைத்து, இந்த வசனத்தைச் சொல்லியபடி நாள்தோறும் ஒருமுறையும் ஏழாம் நாளில் ஏழுமுறையும் பீடத்தைச் சுற்றிவந்தார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விவரிக்கிறது. அந்த ஏழாம் நாளை ‘ஹோஷானா ரப்பா’ (பெரிய ஓசன்னா) என்றே யூதர்கள் இன்றும் அழைக்கிறார்கள். ஆண்டுதோறும் கிளைகளோடும் மகிழ்ச்சியோடும் சேர்ந்தே ஒலித்த ஒரு மன்றாட்டு, காலப்போக்கில் ஆர்ப்பரிப்பாகவும் ஆனது இயல்புதான்.

அதற்கான சான்று நற்செய்தி நூல்களிலேயே இருக்கிறது. மத்தேயு 21:9இல், இயேசு எருசலேமுக்குள் பவனியாக வரும்போது மக்கள் ‘தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா’ என்று முழங்குகிறார்கள். அந்த ‘கு’ உருபைக் கவனியுங்கள்: ‘காப்பாற்றும்’ என்ற பொருளை மட்டும் இங்கே வைத்துப் படித்தால் வாக்கியம் இடறுகிறது, ‘புகழ் உண்டாகுக’ என்று கொண்டால் நேராக அமைகிறது. ஆகவே நீங்கள் எண்ணியிருந்ததும் தவறன்று.

என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லுக்குப் பொருளைத் தந்தார்கள். மத்தேயு, மாற்கு, யோவான் ஆகிய மூவருமோ கிரேக்கத்தில் எழுதியபோதும் எபிரேய ஒலியையே விட்டுவைத்தார்கள். லூக்காவின் பவனிக் காட்சியில் மட்டும் அச்சொல் இல்லை. ‘இயேசு’ என்பதன் எபிரேய வடிவமான ‘யேஷுவா’வும் ‘மீட்பு’ என்ற பொருள்தரும் இதே வேரிலிருந்து பிறந்ததே. அன்று வீதியில் குருத்தோலையோடு நின்றவர்கள் ஓசன்னா என்று கூவியபோது, கழுதைக்குட்டியின்மேல் வந்தவரின் பெயரும் அந்தக் குரலுக்குள் இருந்தது.