'போட்டாராம்', 'போட்டிருப்பார்': இங்கிலீஷில் எதற்கு எது?

பத்தமடை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் பாய் வியாபாரத்துக்கு வரும் இங்கிலீஷ் மெயிலுக்கெல்லாம் நான்தான் பதில் போடுகிறேன். லண்டனில் ஒரு வாடிக்கையாளர் திங்கட்கிழமையே முன்பணம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எங்கள் கணக்கில் ஏறவில்லை. 'யூ சப்போஸிட்லி பெய்டு த அட்வான்ஸ் ஆன் மண்டே' என்று எழுதினேன். 'அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?' என்று சூடாகப் பதில் வந்துவிட்டது. சப்போஸ் என்றால் நினைக்கிறேன் என்றுதானே அர்த்தம்? எங்கே தப்பு?"

சப்போஸ் என்ற வினைச்சொல்லுக்கு நீங்கள் சொல்லும் அர்த்தம் சரிதான். 'ஐ சப்போஸ்' என்றால் நினைப்பவர் நீங்கள். ஆனால் அது சப்போஸிட்லி என்று வினையுரிச்சொல்லாக மாறும்போது நினைக்கிற ஆளும் மாறிவிடுகிறார். 'யாரோ அப்படிச் சொல்கிறார்கள், எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை' என்ற வாடை அதில் ஏறிவிடும். உங்கள் வாக்கியத்தை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், உதட்டைச் சுழித்துக்கொண்டு, "திங்கக்கெழமயே பணத்தப் போட்டுட்டாவளாம்!" என்று இழுத்த மாதிரி. அந்த மனிதருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

சப்போஸிட்லி, ப்ரிஸ்யூமப்லி, அப்பேரன்ட்லி மாதிரியான சொற்களை அகராதியில் தேடிப் பிரயோஜனமில்லை, எல்லாவற்றுக்கும் 'அநேகமாக', 'ஒருவேளை' என்றே போட்டிருப்பார்கள். தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் வினைமுற்றின் வால்தான் செய்கிறது. அந்த வாலைப் பிடித்தால் இங்கிலீஷ் சொல் தானாக வந்துவிடும்.

குறுக்குத்துறைப் படித்துறையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் சுள்ளென்று வெயில். ஆனால் தாமிரபரணி செம்மண் கலங்கலாக, குச்சியும் சருகுமாக வருகிறது. "மேல மழ பெஞ்சிருக்கும்" என்பீர்கள். யாரும் வந்து சொல்லவில்லை, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து நீங்களே போட்ட கணக்கு. இந்த 'இருக்கும்'தான் ப்ரிஸ்யூமப்லி. 'ப்ரிஸ்யூமப்லி, இட் ரெய்ன்ட் இன் த ஹில்ஸ்.' இதற்குக் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். 'ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால் ஆற்றைக் காட்டத் தெரிய வேண்டும். காட்ட எதுவும் இல்லை, ஆனாலும் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால் ப்ராபப்லி போதும். பாதிக்குப் பாதி என்றால் பெர்ஹாப்ஸ், பேச்சில் மேபி.

அந்த நேரத்தில் குளித்துவிட்டுப் படியேறி வருகிற ஒரு ஆச்சி, "பாவநாசத்துல நல்ல மழயாம்" என்கிறார். இப்போது சேதி காது வழியாக வந்துவிட்டது. இது அப்பேரன்ட்லி. 'அப்பேரன்ட்லி, இட் ரெய்ன்ட் ஹெவிலி இன் பாபநாசம்.' நம்புகிறேன் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி கைமாற்றுகிறோம்.

மறுநாள் காலையில் அணை நிலவரம் பார்க்கிறீர்கள். 143 அடி கொள்ளளவுள்ள பாபநாசம் அணையில் அரை அடிகூட ஏறவில்லை. "நல்ல மழயாம், நல்ல மழ!" என்று சிரிப்பீர்கள் இல்லையா, அங்கேதான் சப்போஸிட்லி உட்காருகிறது.

ஆச்சி சொன்னதும் 'ஆம்'தான், நீங்கள் கிண்டலாகச் சொன்னதும் 'ஆம்'தான். தமிழில் குரலும் முகமும் வித்தியாசத்தைக் காட்டிவிடும். எழுத்தில் முகம் இல்லை. அதனால் இங்கிலீஷ் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. நாம் 'ஆம்' வருகிற இடத்திலெல்லாம் சப்போஸிட்லி போட்டால் வம்புதான். என்னிடம் படித்த ஒரு பையன் திருநெல்வேலியின் பெயர்க் கதையை எழுதினான். மழையில் நெல் நனையாமல் சிவபெருமான் வேலியிட்டுக் காத்தாராம் என்ற கதை. அதில் 'லார்டு சிவா சப்போஸிட்லி ப்ரொடெக்டட் த பேடி' என்று போட்டுவிட்டான். பக்தியோடு எழுதிய பையன்தான், படிப்பவருக்கோ நாத்திகன் நக்கலடிப்பதுபோல் இருக்கும். தலபுராணத்து 'ஆம்'முக்கு 'அக்கார்டிங் டு லெஜன்ட்' அல்லது 'இட் இஸ் செட் தட்' என்று தொடங்குவது மரியாதை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். அதன் முன்னால் ஒரு சப்போஸிட்லியை நுழைத்துப் பாருங்கள், எங்கள் ஊர்க்காரர் சட்டையைப் பிடிப்பார்.

இந்தத் தப்பின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். சப்போஸ் இப்போது கிட்டத்தட்டத் தமிழ்ச் சொல். "சப்போஸ் பஸ் வரலன்னா?" என்று இங்கிலீஷ் தெரியாதவர்களும் சொல்கிறார்கள். அதில் நிபந்தனையைக் காட்டுவது 'வரலன்னா' என்பதன் கடைசி 'னா'தான். சப்போஸ் சும்மா 'ஒருவேளை' என்று முன்னால் நிற்கிறது. இதை இங்கிலீஷுக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது 'சப்போஸ் இஃப் த பஸ் டஸ் நாட் கம்' என்று இரண்டையும் எழுதிவிடுகிறோம். அங்கே சப்போஸே இஃபின் வேலையைச் செய்துவிடும், ஒன்று போதும். இன்னும் சிலர், எழுத்தில் கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று சப்போஸை சப்போஸிட்லி ஆக்குகிறார்கள். அதற்கு 'ஒருவேளை' என்ற அர்த்தம் கிடையவே கிடையாது.

'சப்போஸ்ட் டு' தனிக் கதை. 'த பார்சல் வாஸ் சப்போஸ்ட் டு ரீச் யூ ஆன் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்திருக்க வேண்டியது என்று அர்த்தம். ஊகம் எதுவும் அதில் இல்லை. எழுதும்போது கடைசி டி எழுத்தை விட்டுவிடாதீர்கள். காதில் விழாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், வாக்கியத்தில் எங்கே வைப்பது? ப்ரிஸ்யூமப்லி, அப்பேரன்ட்லி இரண்டையும் முதலில் வைத்து ஒரு கமா போட்டால் பெரும்பாலும் தப்பு வராது. ப்ராபப்லி நடுவில் வரவே விரும்பும், துணைவினைக்குப் பின்னால்: 'ஹி வில் ப்ராபப்லி கம்.' எதிர்மறையில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். 'ஹி வோன்ட் ப்ராபப்லி கம்' என்று எழுதுகிறார்கள். வோன்ட்டுக்கு முன்னால் வர வேண்டும்: 'ஹி ப்ராபப்லி வோன்ட் கம்.' முதலில் ஊகம், பிறகு மறுப்பு.

மேபியைச் சேர்த்து எழுதினால் 'ஒருவேளை'. நடுவில் இடம் விட்டால் அது இரண்டு வினைச்சொல், 'இருக்கலாம்'. அந்த இடத்தில் பெர்ஹாப்ஸ் போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் சேர்த்து எழுதலாம். அலெஜிட்லி நமக்குத் தேவைப்படாது. போலீஸ், கோர்ட் செய்திகளில் இன்னும் நிரூபணமாகாத குற்றத்துக்குப் போடுவது. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் அது வந்தால் வியாபாரம் அன்றோடு முடிந்தது.

சரி, உங்கள் லண்டன்காரருக்கு என்ன எழுதுவது? சப்போஸிட்லியை எடுத்துவிட்டு ப்ரிஸ்யூமப்லி போடலாமா என்றால், இலக்கணப்படி போடலாம். ஆனால் பணம் கொடுத்தவரைப் பார்த்து 'கொடுத்திருப்பீர்கள்' என்பதும் கொஞ்சம் விறைப்புத்தான். பண விஷயத்தில் ஊகச் சொல்லே வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, உங்கள் பக்கத்து நிலவரத்தை மட்டும் எழுதுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்து சேர இரண்டு மூன்று நாள் பிடிப்பது உண்டு, அதற்குள் சந்தேகப்படவும் தேவையில்லை. இன்றைக்கே இப்படி ஒன்று போட்டுவிடுங்கள் (இதில் வரும் ஸ்விஃப்ட் காப்பி என்பது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கு அனுப்பியவரின் வங்கி தரும் அத்தாட்சி):

'ஐ ஆம் சாரி, மை லாஸ்ட் மெயில் வாஸ் பேட்லி வேர்டட். தேங்க் யூ ஃபார் செண்டிங் த அட்வான்ஸ் ஆன் மண்டே. இட் ஹாஸ் நாட் ரீச்ட் அவர் அக்கவுண்ட் யெட். குட் யூ ப்ளீஸ் செண்ட் அஸ் த ஸ்விஃப்ட் காப்பி, சோ தட் அவர் பேங்க் கேன் ட்ரேஸ் இட்?'