எந்தப் பேராசிரியரிடம் சேர்வது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருந்து வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரப்போகிறேன். இரண்டு பேராசிரியர்கள் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கு இருநூறு கட்டுரைகளுக்கு மேல், ஹெச்-இண்டெக்ஸ் ஐம்பது. இன்னொருவர் இத்தனை வருடத்தில் நாற்பது கட்டுரைதான் எழுதியிருக்கிறார். நண்பர்கள் எல்லாரும் முதலாமவரைத்தான் சொல்கிறார்கள். இந்த எண்களை நம்பலாமா? அப்புறம், மேற்கோள் சேர்வதற்காக நானும் சீக்கிரமே ஒரு ரிவ்யூ கட்டுரை (பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவது) எழுதிவிடட்டுமா?

நித்யா

அன்புள்ள நித்யா,

ஹெச்-இண்டெக்ஸ் ஐம்பது என்றால் அவருடைய ஐம்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஐம்பது முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. ஆய்வை விட்டு ஓய்வு பெற்றாலும் இந்த எண் ஏறிக்கொண்டே இருக்கும். கட்டுரையில் பத்தாவது பெயராக இருப்பவருக்கும் முழுப் பங்கு கிடைக்கும்.

உங்கள் துறையில் எவை அதிகம் மேற்கோளாகின்றன என்று பாருங்கள். ஃபைசர் மருந்து நிறுவனத்தில் இருந்த லிபின்ஸ்கியும் சகாக்களும் 1997இல் எழுதிய கட்டுரை, வாயால் உட்கொள்ளும் மருந்துக்கு மூலக்கூறு எடை 500க்குள் இருப்பது நல்லது என்பது போன்ற நான்கு வரம்புகளைச் சொன்னது. 2010இல் வந்த ஆட்டோடாக் வினா, டாக்கிங் செய்கிற மென்பொருள், அதாவது ஒரு மூலக்கூறு உடலின் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்துப் பார்ப்பது. இரண்டும் ஆயிரக்கணக்கில் மேற்கோளாகியிருக்கின்றன, அதற்குத் தகுதியும் உள்ளவை. ஆனால் இரண்டுமே மருந்து இல்லை, கருவிகள். அடுத்தவர் கட்டுரை எழுத உட்காரும்போது கைக்குத் தேவைப்படுவதுதான் மேற்கோளில் முந்துகிறது. மறுபக்கம் பாருங்கள்: மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினின் கட்டமைப்பைச் சொன்ன 1977ஆம் ஆண்டுக் கட்டுரை ஓர் ஆய்வுக் குழுவின் பெயரில் வந்தது. அந்த மருந்தைக் கண்டுபிடித்ததற்காக 2015இல் நோபல் வாங்கிய தூ யூயூவின் பெயர்கூட அதில் இல்லை. மருந்து நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்களின் உழைப்போ பெரும்பாலும் காப்புரிமையில் போய் உட்கார்ந்துவிடும்.

சரி, இருநூறு கட்டுரைகள் எப்படி வருகின்றன? சிலர் உண்மையிலேயே பெரிய குழு வைத்து உழைக்கிறார்கள். ஆனால் ஒரு வார்ப்பும் உண்டு. பதினைந்து புதிய சேர்மங்கள், ஒரு புற்றுநோய் செல் லைனில் (ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில்) ஐசி50 அட்டவணை, அதாவது செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு செறிவு தேவை என்ற எண்கள், கடைசியில் வண்ணமயமான டாக்கிங் படம். "மேலும் ஆய்வு தேவை" என்று முடியும். அந்த மேலும் ஆய்வை யாரும் செய்ய மாட்டார்கள். அடுத்த கட்டுரையில் அதே மூலக்கூறில் குளோரின் இருந்த இடத்தில் மெத்தாக்ஸி என்ற வேறொரு தொகுதி வந்திருக்கும். மஞ்சளில் உள்ள குர்க்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் எழுதப்பட்ட கட்டுரைகள் ஆயிரக்கணக்கில். அது நிலையற்ற மூலக்கூறு, பல சோதனை முறைகளில் பொய்யான நல்ல முடிவைக் காட்டக்கூடியது என்று 2017இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் விரிவாகவே எழுதினார்கள். அதற்குப் பிறகும் கட்டுரைகள் வருவது நிற்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கூகுள் ஸ்காலரில் இருவரின் பட்டியலையும் மேற்கோள் வரிசையில் பார்க்காமல் வருட வரிசையில் பாருங்கள். பழைய கட்டுரை ஒன்றில் "சிறந்த சேர்மம்" என்று சொல்லப்பட்டது எதுவோ, அதைப் பின்னால் வந்த கட்டுரைகளில் தேடுங்கள். கரைதிறனைக் கூட்டினார்களா? கல்லீரல் நொதிகள் அதை எவ்வளவு சீக்கிரம் சிதைக்கின்றன என்று பார்த்தார்களா? எலியில் கொடுத்துப் பார்த்தார்களா? பிறகு கட்டுரையோடு வரும் இணைப்புக் கோப்பைத் திறந்து, மூலக்கூறின் கட்டமைப்பை உறுதிசெய்யும் என்எம்ஆர் நிறமாலைகளையும், எச்பிஎல்சி என்ற பிரித்தறியும் முறையில் அளந்த தூய்மையையும் பாருங்கள். நல்ல இதழ்கள் 95 சதவீதத் தூய்மையைக் கேட்கும். அந்தப் பக்கங்களே இல்லையென்றால் எனக்கு அந்த ஐசி50 மேல் நம்பிக்கை வராது. மேற்கோள் காட்டியவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். சொந்த மாணவர்களும் கூட்டாளிகளுமே திரும்பத் திரும்ப வந்தால் பாதியைக் கழித்துவிடலாம்.

நாற்பது கட்டுரைக்காரர்தான் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வெறுமனே மெதுவானவராகவும் இருக்கலாம். அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள், பட்டம் வாங்க எத்தனை வருடம் ஆனது என்று கேளுங்கள்.

ரிவ்யூவைப் பொறுத்தவரை, தாராளமாக எழுதுங்கள், ஆனால் இப்போதே வேண்டாம். முதல் வருடம் முழுக்கப் படியுங்கள். நூறு சேர்மங்களை அட்டவணையில் அடுக்குவதற்கு உங்கள் கை தேவையில்லை. அவற்றில் எது ஏன் தோற்றது என்று ஒரு பத்தி சொல்ல முடிகிறபோது தொடங்குங்கள்.